'மாப்ளே' என்று அழைத்தவன்

கேள்வி: பள்ளிக்காலம் முதல் இணைபிரியாத இரு ஆண் நண்பர்கள், இருபத்தாறு வயதில் தங்களுக்குள் இருப்பது காதல் என்று உணர்வதாகத் திருப்பூரைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுதி வருகிறேன். படித்துப் பார்த்தவர், "இத்தனை ஆண்டுகள் தெரியாமலா இருந்தது?" என்கிறார். நம்பும்படி எழுதுவது எப்படி?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தெரியாமல் இருக்க முடியும். நம் பக்கத்தில் ஒரு பெண்ணும் பையனும் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பேசினால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு பையன்கள் ஒரே வண்டியில் போய், ஒரே தட்டில் உண்டு, ஒரே பாயில் படுத்தாலும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊர் பார்க்காததை அவர்களும் பார்க்காமலே வளர்ந்திருப்பார்கள். ஆகவே, மழை இரவில் கைபட்டு மனம் மாறியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கொங்கு நாட்டில் நண்பர்கள் அழைத்துக்கொள்ளும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மாப்ளே', 'மச்சான்' ஆகியவை கொள்வினை கொடுப்பினைக்குரிய முறைச்சொற்கள். நாமோ அவற்றை நாளுக்கு நூறு தடவை, பொருளை நினையாமல் சொல்கிறோம். ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வீட்டார் அவனை 'மாப்பிள்ளை' என்று விளிக்க, துணைக்குப் போன மற்றவனுக்கு அன்று முதல் அந்தச் சொல் வாயில் வராமல் போனது என்று எழுதினால், விளக்கவுரை தேவைப்படாது. பனியன் கம்பெனியில் நண்பனின் இரவு வேலை முடியும்வரை பேக்கரி வாசலில் காத்துக் கிடந்ததை எல்லாம் அவன் அதற்குப் பிறகு எண்ணிப் பார்க்கட்டும். (இருவரும் ஒரே குலக் கூட்டத்துப் பங்காளிகள் என்றால் இந்த உத்தி செல்லாது, முறை தவறினால் நம் வாசகர்கள் விடமாட்டார்கள்.)

கதை நடக்கும் ஆண்டையும் உறுதி செய்யுங்கள். உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைத் தளர்த்திய 2018 செப்டம்பர் 6-க்கு முன் என்றால், வயது வந்த இருவரின் இசைவான உறவும் சட்டப்படி குற்றமே. மகனைச் 'சரிசெய்ய' மருத்துவரிடம் கூட்டிப்போகும் காட்சி வருமானால், அத்தகைய சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடைசெய்ததை மறக்க வேண்டாம். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். தகப்பனாரை வில்லனாக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: முடிவில் இருவரையும் பிரித்துவிடலாமா?
(அதே வாசகர்)

பதில்: வேண்டாம், அது எழுத்தாளருக்கு எளிது, அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய் முடிக்கவும் இயலாது; தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது. ஒரு வாடகை வீட்டுக்கு அனுப்புங்கள். சாவியைக் கொடுக்கும் வீட்டுக்கார அம்மா, "நீங்க ரெண்டு பேரும் என்ன மொறையாகோணுங்க?" என்று கேட்கட்டும். யார் முதலில் வாய் திறக்கிறான் என்பதுதான் உங்கள் கடைசி அத்தியாயம்.