ஒரு நிறுவனத்தில் பாதுகாப்பு எல்லோருக்கும் பழக்கமாக மாற என்ன செய்ய வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பதினோரு வருடம் டீ மேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைக் கவனிப்பவராக இருந்தேன். பெரிய கம்பெனி அனுபவம் எனக்குக் கிடையாது. அங்கே பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன்.

சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி அது. சாயங்காலம் வந்த இலை, காற்று ஊதும் நீளத் தொட்டியான ட்ரஃபில் வாடி, சி.டி.சி. மெஷினுக்கு வரும்போது நடுராத்திரி ஆகிவிடும். சி.டி.சி. என்றால் பல் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 700 சுற்று வாக்கில், மற்றது அதில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் போகிற இலை கிழிந்து நசுங்கிச் சுருளும். விரல் போனாலும் அதே கதிதான். போதாக்குறைக்கு மலைக்குளிர்; எல்லோர் கழுத்திலும் மப்ளர் தொங்கும். ஓடும் இயந்திரத்தில் கை வைப்பவர் உடலோடு ஒட்டிய உடை போட வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு சொன்னது. எங்களுக்குக் கிடைத்தது தேசியப் பாதுகாப்பு நாளான மார்ச் 4 அன்று ஒரு உறுதிமொழி, அப்புறம் வடை, டீ.

வாசலில் ஒரு போர்டும் இருந்தது: ‘விபத்தில்லாத நாட்கள்’. நூறு நாள் தாண்டினால் எல்லோருக்கும் போனஸ். 90 நாள் கடந்திருந்த ஒரு ராத்திரி, மூடி இல்லாத கன்வேயர் செயினில் ஒருவருக்கு விரல் கிழிந்தது. காப்பித்தூளை அப்பி, கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை வேலை பார்த்தார். தன்னால் நாற்பது பேர் போனஸ் போகக்கூடாது என்று பயம். எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதே செயினில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் நுனி போயிற்று.

அந்த போர்டைக் கழற்றியதுதான் எங்களுக்கு முதல் பாதுகாப்பு நடவடிக்கை. சிரிக்காதீர்கள், உண்மை. விபத்தே இல்லை என்பதற்குப் பரிசு கொடுத்தால், விபத்தை மறைக்கத்தான் ஆட்கள் பழகுவார்கள்.

புதிதாக வந்த மேனேஜர் ‘தப்பித்தது’ என்று ஒரு நோட்டு வைத்தார். அடிபடாமல் தப்பித்ததை எழுத வேண்டும். இரண்டு மாதம் காலியாகவே கிடந்தது. ஒருநாள் காலையில் தூள் சலிக்கும் அக்கா ஒருவர், ட்ரையர் பெல்ட்டின் மூடி ஆடுகிறது என்று நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். முக்கால் மணி நேரம். தரையில் புளிக்கப் போட்டிருந்த தூள் அளவு மீறிப் புளித்து, அந்த லாட் அடிமாட்டு விலைக்குத்தான் போனது. அத்தனை பேரும் மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர், “எந்த போல்ட்டுன்னு காட்டுங்கக்கா” என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் நோட்டில் ஒன்பது விஷயம் ஏறியது.

ஊட்டி ரயிலில் ஏறியிருப்பீர்கள். கல்லாறு தாண்டி ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவருக்கு முன்னே பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்கும் பிரேக்மேன் காட்டும் கொடியை நம்பித்தான் 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் வண்டி போகிறது. ஆபீஸ் அறையில் இருப்பவரும் கிட்டத்தட்ட அந்த டிரைவர்தான். சிவப்புக் கொடி காட்டியவரைத் திட்டினால் அடுத்த தடவை யார் காட்டுவார்கள்?

மற்றதெல்லாம் சில்லறை வேலை. ரோலரைச் சுத்தம் செய்பவர் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது, ஷிப்ட் மாறும்போது எந்த மூடி கழற்றிக் கிடக்கிறது என்று நேரில் காட்டிவிட்டுப் போவது, இப்படி. மப்ளருக்குப் பதில் கழுத்துவரை மூடும் ஸ்வெட்டர் கொடுத்தோம். ஒரு பெரியவர் மட்டும் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ட்ரையர் அடுப்புக்கு விறகு போடும் வேலைக்கு அவரை மாற்றினோம். அந்தச் சூட்டில் மூன்றாம் நாள் அவரே மப்ளரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.