அ எழுதச் சொன்னால் அழிகிறது: கிம்ப்பில் ஜிஃப் செய்யும் ஒரு டீச்சருக்கு

ஒன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அ எழுத்தை எப்படிச் சுழித்து எழுதுவது என்று பிள்ளைகள் வீட்டில் பார்த்துப் பழகட்டும் என்று கிம்ப் என்ற பட மென்பொருளில் ஓர் அசையும் படம் (ஜிஃப்) செய்தேன். நோட்டுத் தாளைப் போனில் படமெடுத்துப் பின்னணியாக வைத்து, அதன் மேல் முழு எழுத்தையும் எழுதி, அந்த லேயரை (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் தாள் போன்றது) நகலெடுத்து நகலெடுத்து, கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்து 24 லேயர் ஆக்கினேன். ஓட்டிப் பார்த்தால் எழுத்து அழிகிறது! படத்துக்குப் படம் இடைவெளி 50 மில்லி வினாடி போட்டபோது வேகமாக ஓடியது, இன்னும் வேகம் வேண்டும் என்று 10 போட்டால் மெதுவாகிவிட்டது. தாள் முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுக்குகிறது. ஃபைல் 6 எம்பி. ஒரு தடவை சேமித்தது அசையவே இல்லை."

டீச்சர், நீங்கள் செய்த வேலை வீணாகவில்லை. முதலில் அந்தத் தலைகீழ் பிரச்சினையை முடித்துவிடலாம். கிம்ப்பில் லேயர் அடுக்கில் அடியில் இருப்பதுதான் முதல் பிரேம், அதாவது ஓடும்போது முதலில் காட்டும் படம், உச்சியில் இருப்பது கடைசி. லேயரை நகலெடுத்தால் நகல் எப்போதும் மேலே போய் உட்காரும், நீங்கள் மேலே வந்ததை அழித்துக்கொண்டே போனதால் முழு எழுத்து அடியிலும் வெறும் புள்ளி உச்சியிலும் நிற்கிறது. 24 லேயரையும் கையால் இழுத்து மாற்ற வேண்டாம். லேயர் மெனுவில் ஸ்டாக், அதற்குள் ரிவர்ஸ் லேயர் ஆர்டர். ஒரே சொடுக்கு, எழுத்து எழுதத் தொடங்கிவிடும். அப்புறம் ஃபில்டர்ஸ், அனிமேஷன், பிளேபேக் என்று போய் ஓட்டிப் பாருங்கள்.

அசையாமல் போனதற்குக் காரணம் சின்னது. எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் பெட்டியில் 'ஆஸ் அனிமேஷன்' என்ற கட்டத்தில் டிக் விழாவிட்டால் கிம்ப் எல்லா லேயரையும் ஒன்றாகத் தட்டி ஒரே படமாக்கிவிடும். அதன் அருகிலேயே 'லூப் ஃபாரெவர்' இருக்கிறது, அதுவும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரே முறை எழுதிவிட்டு நின்றுவிடும்.

வேகம்தான் இதில் சுவாரசியமான இடம். ஜிஃப் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த வடிவம், பிரேமுக்குப் பிரேம் இடைவெளி வைக்கும் வசதி 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதில் நேரம் நூறில் ஒரு வினாடி அலகில்தான் பதிவாகும், கிம்ப் நம்மிடம் மில்லி வினாடியில் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்கிறது. நீங்கள் போட்ட 10 என்பது ஓர் அலகு. 20 மில்லி வினாடிக்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலான பிரவுசர்கள் ஏற்பதில்லை, அதை 100 என்று எடுத்துக்கொண்டு ஓட்டும். அதனால்தான் 50ஐவிட 10 மெதுவாக ஓடுகிறது.

ஆனால் உங்களுக்கு வேகம் எதற்கு? ஐந்து வயதுப் பிள்ளையின் கண் பேனா எங்கே போகிறது என்று தொடர வேண்டும். 24 பிரேமும் 50 மில்லி வினாடி என்றால் எழுத்து மொத்தமே 1.2 வினாடியில் முடிந்துவிடுகிறது, அதைப் பார்த்து யாரும் எழுதப் பழக முடியாது. பிரேமுக்குப் பிரேம் ஒரே நேரம் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் இதில் அழுத்திச் சொல்ல நினைப்பது. அ எழுதும்போது உங்கள் கையையே கவனியுங்கள்: சுழியில் கை மெல்லப் போகும், வளைவில் கொஞ்சம் ஓடும், வலப்பக்க நேர்க்கோட்டுக்கு முன் ஒரு கணம் நிற்கும், கோட்டை ஒரே இழுப்பில் இழுத்துவிடும். படமும் அப்படியே இருக்கட்டும். சுழிக்கு மட்டும் எட்டு, பத்து பிரேம் கொடுங்கள், ஒவ்வொன்றும் 150. வளைவுக்கு ஆறேழு பிரேம், 100. கோடு தொடங்கும் முன் உள்ள பிரேமுக்கு 500. கோட்டுக்கு மூன்று பிரேம் போதும். எழுத்து முழுதாக முடிந்த கடைசிப் பிரேமுக்கு 2000, பிள்ளை அதைப் பார்த்து சிலேட்டில் எழுத வேண்டுமே. முதல் பிரேமுக்கும் 800 கொடுத்து, எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். எழுத்து பிறகு அழகாக வந்தாலும் தொடங்குமிடம் தப்பாகப் பழகிய பிள்ளையைத் திருத்துவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்த நேரத்தை எங்கே எழுதுவது? லேயரின் பெயரிலேயே. லேயர் பெயரை இருமுறை சொடுக்கி, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 150 என்று போட்டு, இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் எம், எஸ் இரண்டையும் சேருங்கள். பெயரில் நேரம் இல்லாத லேயருக்கு மட்டும்தான் எக்ஸ்போர்ட் பெட்டியில் போடும் பொது எண் செல்லும்.

சரி, மினுக்கலும் 6 எம்பியும். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், அந்தத் தாள் படம். ஒரு ஜிஃப் பிரேமில் 256 நிறத்துக்கு மேல் இடமில்லை. போன் படத்தில் வெள்ளைத் தாள் என்று நாம் நினைப்பதில் ஆயிரக்கணக்கான சாம்பல், மஞ்சள் சாயல்கள் இருக்கும், அவற்றை 256க்குள் அடைக்க மென்பொருள் புள்ளிகளைத் தூவி ஏமாற்றுகிறது, அதை டிதரிங் என்பார்கள். எழுத்து ஒவ்வொரு பிரேமிலும் மாறும்போது இந்தப் புள்ளிகளும் இடம் மாறித் தூவப்படுவதால் தாள் மேல் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. அதோடு, ஜிஃப்பின் சுருக்கும் முறைக்கு ஒரே நிறம் நீளமாக ஓடினால்தான் பிடிக்கும், புள்ளி புள்ளியாக இருந்தால் அதனால் எதையும் சுருக்க முடியாது.

ஆகவே தாள் படத்தை விட்டுவிட்டு, ஒரே நிறத்தில் ஒரு பலகை போடுங்கள். கரும்பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, இரண்டு மெல்லிய கோடு. 480க்கு 480 அளவு போனுக்குத் தாராளம். இதை அடி லேயராக வைத்து, அடுத்த லேயர்களை வெறும் ஒளிபுகும் லேயர்களாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் புதிதாகச் சேரும் துண்டை மட்டும் வரையுங்கள். முதல் லேயரில் சுழியின் ஆரம்பம், அடுத்ததில் அதன் தொடர்ச்சி மட்டும், இப்படி. முந்தைய துண்டோடு நுனி கொஞ்சம் மேலேறி இருக்கட்டும், இல்லாவிட்டால் இடையில் மயிரிழை இடைவெளி தெரியும். எக்ஸ்போர்ட்டில் ஃபிரேம் டிஸ்போசல் என்ற இடத்தில் 'கம்பைன்' என்று வருவதைத் தேர்ந்தெடுத்தால் முந்தையது மறையாமல் அதன் மேலேயே அடுத்தது ஏறும். சுற்று முடிந்து முதல் பிரேம் திரும்ப வரும்போது பலகை முழுப்படம் என்பதால் எல்லாவற்றையும் மூடிவிடும், பலகை அழித்த மாதிரி ஆகிவிடும். 'ரீப்ளேஸ்' வைத்தால் துண்டுகள் தனித்தனியாக மின்னி மறையும், அது இங்கே உதவாது.

பலகையே வேண்டாம், பின்னணி ஒளிபுகட்டும் என்று சிலர் செய்வார்கள். நான் தடுப்பேன். ஜிஃப்பில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், பாதி என்பது கிடையாது, எழுத்தின் மென்மையான ஓரம் எல்லாம் பல் பல்லாகிவிடும்.

வரைந்து முடித்ததும் லேயர்களை அப்படியே காக்கும் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக ஒரு பிரதி சேமித்துவிட்டு, இமேஜ் மெனுவில் மோட், இன்டெக்ஸ்டு, அதாவது குறிப்பிட்ட சில நிறங்களுக்குள் படத்தை அடக்குவது. நிறம் 16 போதும், டிதரிங் வேண்டாம் ('நன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்). சேமிக்காமல் இதைச் செய்யாதீர்கள், இன்டெக்ஸ்டு ஆன பின் வேறு நிறம் எடுத்து வரைய விடாது. இப்படிச் செய்த எழுத்துப் படம் பெரும்பாலும் 100 கேபியைத் தாண்டாது. பழைய 24 லேயரையே வைத்துக்கொள்ளத்தான் விருப்பம் என்றால், பின்னணியை மாற்றி வரிசையைத் திருப்பிய பிறகு, அனிமேஷன் மெனுவில் 'ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்' கொடுங்கள். பிரேமுக்குப் பிரேம் மாறிய பகுதியை மட்டும் வெட்டி வைத்து ஒரு புதுப் படத்தைத் திறக்கும், எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியது அந்தப் புதியதைத்தான்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டைம்லைன் பலகத்தில் 'மேக் ஃபிரேம்ஸ் ஃப்ரம் லேயர்ஸ்' கொடுத்தால் ஒரு பிரேமில் ஒரு லேயர் மட்டுமே தெரியும், துண்டு மேல் துண்டு ஏறாது. அங்கே உங்கள் பழைய முறை, அதாவது ஒவ்வொரு லேயரிலும் அதுவரை எழுதிய முழுவதும் இருப்பது, அதுதான் சுலபம். வரிசை மாறினால் அதே பலக மெனுவில் 'ரிவர்ஸ் ஃபிரேம்ஸ்' இருக்கிறது.

வாட்ஸ்அப் நீங்கள் அனுப்பும் ஜிஃப்பை உள்ளுக்குள் வீடியோவாக மாற்றித்தான் காட்டும், அதில் மெல்லிய கோடு கொஞ்சம் மங்கும், அதனால் எழுத்தைத் தடிமனாக, குறைந்தது 20 பிக்சல் பிரஷ்ஷில் எழுதுங்கள். மாற்றமே வேண்டாம் என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம்.

முதலில் ட எழுத்தில் செய்து பாருங்கள். இடது பக்கம் ஒரு கோடு, கீழே ஒரு கோடு, ஆறு லேயரில் முடிந்துவிடும், நேரம் கொடுப்பது கைக்கு வந்துவிடும். அப்புறம் அ. அந்த எக்ஸ்சிஎஃப் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆ எழுத்துக்குப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை: கடைசி லேயரின் 2000ஐ 300 ஆக்கிவிட்டு, கோட்டின் அடியில் சுழிக்கு நாலைந்து லேயர் கூட்டினால் போதும்.