அமெரிக்காவில் மோசடி காரணமாக ஒரு தேர்தல் முடிவையே ரத்து செய்தது உண்டா?

உண்டு. அப்படி ரத்தான ஓட்டுகளில் என்னுடையதும் ஒன்று.

2018 நவம்பர் 6. எனக்குக் குடியுரிமை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வட கரோலினாவில், சார்லட் நகரின் தெற்குப் பக்கம் குடியிருந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று இந்த நாட்டில் என் முதல் ஓட்டைப் போட்டேன். பதினான்கு வருடம் வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும்.

எங்களுடையது 9-வது காங்கிரஸ் தொகுதி. (காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம். அதன் பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல்.) தெற்கு சார்லட்டின் வசதியான தெருக்களில் தொடங்கி, கிழக்கே ராபிசன், பிளேடன் என்ற ஏழைக் கிராமப்புற கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) வரை அப்போது நீண்டிருந்த தொகுதி. 1963 முதல் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அந்த முறை அந்தக் கட்சிக்கு மார்க் ஹாரிஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரும், ஜனநாயகக் கட்சிக்கு முன்னாள் மரைன் படைவீரர் டான் மெக்ரெடியும் நின்றார்கள். சுமார் 2.8 லட்சம் ஓட்டுகளில் ஹாரிஸ் 905 ஓட்டு முன்னிலை. மறுநாளே மெக்ரெடி தோல்வியை ஒப்புக்கொண்டார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நவம்பர் 27 அன்று மாநிலத் தேர்தல் வாரியம் முடிவுக்குச் சான்றளிக்க மறுத்துவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் இருந்த வாரியம், ஒருமனதாக எடுத்த முடிவு. காரணம் பிளேடனில் இருந்து வந்த தபால் ஓட்டுகள்.

கவுன்டி வாரியாகக் கணக்கு பொதுவில் கிடைக்கும் ஊர் இது. யார் எந்தக் கட்சியில் வாக்காளராகப் பதிந்திருக்கிறார் என்பதுகூடத் தெரியும். பிளேடனில் ஏற்கப்பட்ட தபால் ஓட்டுகளைப் போட்டவர்களில் குடியரசுக் கட்சியில் பதிந்தவர்கள் 19 சதவீதம்தான். ஆனால் ஹாரிஸுக்கு விழுந்தது 61 சதவீதம். எந்தக் கட்சியிலும் பதியாத அத்தனை பேரும் அவருக்கே போட்டு, எதிர்க்கட்சிக்காரர்களிலும் சிலர் போட்டிருந்தால்தான் அந்தக் கணக்கு வரும். தொகுதியின் மற்ற எல்லாக் கவுன்டிகளிலும் தபால் ஓட்டில் மெக்ரெடிதான் முன்னால் இருந்தார். அதோடு, பிளேடனிலும் ராபிசனிலும் வாக்காளர் பெயரில் அனுப்பப்பட்டுத் திரும்பி வராமலே போன ஓட்டுச்சீட்டுகள் மிக அதிகம்.

வட கரோலினா சட்டப்படி அடுத்தவருடைய தபால் ஓட்டை வாங்கிக்கொண்டு போவது குற்றம். வாக்காளரோ நெருங்கிய உறவினரோதான் அனுப்பலாம். 2019 பிப்ரவரியில் மாநிலத் தலைநகர் ராலேயில் நான்கு நாள் பொது விசாரணை நடந்தது. ஹாரிஸின் பிரசாரத்துக்காக வேலை செய்த மெக்ரே டவ்லஸ் என்பவர் ஆள் வைத்து வீடு வீடாகப் போய் ஓட்டுச்சீட்டுகளை வாங்கினார் என்று அவரிடம் வேலை செய்த பெண்ணே சாட்சி சொன்னார். சந்தேகம் வரக் கூடாது என்று ஒரே நேரத்தில் நிறையச் சீட்டுகளைத் தபாலில் சேர்க்க மாட்டார்களாம். ஓட்டு உறையில் போடும் சாட்சிக் கையெழுத்தின் மை நிறம், தபால்தலை ஒட்டும் விதம் வரைக்கும் கவனம். வாக்காளர் நிரப்பாமல் விட்ட இடங்களைத் தாங்களே நிரப்பியதும் உண்டு. நேரலையில் இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. வாசலில் யாரோ வந்து உதவி செய்கிறேன் என்றதும் நம்பி உறையை நீட்டிய சாதாரண மனிதர்களின் ஓட்டு அது. என் ஓட்டாவது எண்ணப்பட்டது.

அந்த நான்கு நாளில் என்னால் மறக்க முடியாதது மூன்றாம் நாள், பிப்ரவரி 20. ஹாரிஸின் மகன் ஜான் ஹாரிஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் அரசு வழக்கறிஞர். 2016-இல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அப்பா 134 ஓட்டில் தோற்றபோது பிளேடன் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார். டவ்லஸ் வேலை செய்த வேட்பாளருக்குத் தபால் ஓட்டு 221. அப்பாவுக்கு 4. அப்போது பதவியில் இருந்த உறுப்பினருக்கு 1. இது இயல்பாக வரக்கூடிய எண்ணே இல்லை, இந்த ஆளை வேலைக்கு வைக்காதீர்கள் என்று 2017-இல் அப்பாவிடம் போனிலும் சொன்னார், மின்னஞ்சலிலும் எழுதினார். அப்பா கேட்கவில்லை. தன்னை யாரும் எச்சரிக்கவில்லை என்ற தொனியில்தான் அதுவரை அப்பா பேசி வந்தார். மகன் பேசி முடிக்கும்போது, அம்மா அப்பா மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் இதில் அவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்ற பொருளில் சொன்னார். அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்த அப்பா அழுதார்.

அந்த மகனை நான் இன்றும் மதிக்கிறேன். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவரைச் சொன்ன நண்பர்களோடு அன்றைக்கு வாதாடியிருக்கிறேன்.

மறுநாள் ஹாரிஸே புதுத் தேர்தல் வேண்டும் என்று கேட்டார். தனக்கு முறைகேடு தெரியாது என்பதில் மட்டும் கடைசிவரை நின்றார். அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. வாரியம் 5-0 என்று வாக்களித்து மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. டவ்லஸ் மேல் குற்றச்சாட்டு பதிவானது, ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே 2022-இல் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பிளேடனில் எண்ணப்பட்ட மொத்தத் தபால் ஓட்டே 700-க்குக் கீழே. அத்தனையையும் தூக்கிப் போட்டாலும் 905-ஐ எட்டாது. அப்புறம் ஏன் முழுத் தேர்தலையும் ரத்து செய்ய வேண்டும்? நானும் முதலில் அப்படித்தான் கோபப்பட்டேன். ஒழுங்காக வரிசையில் நின்று போட்ட என் ஓட்டு என்ன பாவம் செய்தது என்று வீட்டில் புலம்பினேன். பிறகு சட்டத்தைப் படித்தேன். திருடுபோன ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகம் என்று நிரூபித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. முறைகேடு மொத்த முடிவையும் கறைப்படுத்தி, தேர்தலின் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினால் மறுதேர்தலுக்கு உத்தரவிடலாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. திரும்பி வராத ஓட்டுகளை யார் எண்ண முடியும்? அவை யாருக்கு விழுந்திருக்கும் என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தபால் ஓட்டே மோசடி என்று சொல்பவர்கள் இந்தக் கதையைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதில் ஏமாற்றப்பட்டவர்களே தபாலில் ஓட்டுப் போட நினைத்தவர்கள்தான். கணக்குகள் திறந்திருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு வருத்தம், 2016 கணக்கைப் பார்த்து ஒரு மகனுக்குத் தோன்றியது, அதே கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 2018 வரை யாரையும் தடுத்து நிறுத்தவில்லை என்பதில்தான்.

2019 ஜனவரி முதல் செப்டம்பர் வரை எங்கள் தொகுதிக்கு வாஷிங்டனில் ஆளே இல்லை. மே மாதம் புதிதாக உட்கட்சித் தேர்தல் நடந்தது. ஹாரிஸ் நிற்கவில்லை. குடியரசுக் கட்சிக்கு டான் பிஷப் வந்தார். செப்டம்பர் 10 அன்று அதே பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனேன். முந்தைய முறையைவிடக் கூட்டம் குறைவு. பிஷப் சுமார் இரண்டு சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே கட்சிதானே வந்தது, இதற்கா இவ்வளவு பாடு என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஆமாம், இதற்குத்தான் என்றேன்.

மெக்ரெடி அன்று இரவே தோல்வியை ஏற்றுக்கொண்டார். 2018-இல் ஒப்புக்கொண்டதை ஒரு மாதத்தில் திரும்பப் பெற வேண்டியிருந்தது அவருக்கு. இந்த முறை அப்படி நேரவில்லை.