முதலில் ஏறும் வரிசையில் நடிப்பவர்களைத் தடுக்க டாக்டர் சர்டிபிகேட் கேட்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 64 வயது, ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய். கைத்தடி மட்டும்தான், வீல்சேர் இல்லை. போன மாதம் விமானத்தில் ஏறும்போது, உதவி தேவைப்படுபவர்கள் முதலில் வரலாம் என்று அறிவித்ததும் இருபது பேருக்கு மேல் முன்னால் போய் நின்றுவிட்டார்கள். பாதிப் பேர் பெரிய பெட்டியைத் தாங்களே தூக்கி மேலே வைத்தார்கள். எங்கள் முறை வந்தபோது விமான வாசலிலேயே இவருக்குக் கால் நகரவில்லை, பின்னால் இருந்தவர் சத்தம் போட்டார். ஊழியரிடம் சொன்னால் "நாங்கள் யாரையும் ஆதாரம் கேட்க முடியாது" என்கிறார். டாக்டர் சர்டிபிகேட் கேட்டால் இந்த நடிப்பு நின்றுவிடாதா? அடுத்த பயணத்துக்கு நாங்கள் என்ன செய்வது?

பதில்:

உங்கள் கோபம் நியாயமானது. நான் பதினோரு வருடம் கேட்டில் நின்று பயணிகளை ஏற்றிவிட்டவன், ஆரம்பத்தில் எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது, ஒரு சீட்டைக் காட்டச் சொன்னால் பாதி வரிசை கலைந்துவிடும் என்று. இப்போது அப்படி நினைப்பதில்லை. அதற்கு உங்கள் கணவரையே உதாரணமாகச் சொல்லலாம்.

பார்க்கின்சன் உள்ளவருக்குக் கால் எங்கே உறைந்து நிற்கும்? கதவு, குறுகலான வழி, திரும்ப வேண்டிய இடம், பின்னால் யாரோ அவசரப்படுத்தும் நேரம். விமான வாசல் இந்த நான்கும் ஒன்றாகச் சேரும் இடம். அதனால் அவருக்கு வேண்டியது சீக்கிரம் ஏறுவது இல்லை, பின்னால் ஆள் நெருக்காமல் ஏறுவது. நடக்கவே முடியாதவரைக் குறுகலான நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி, கைகளை மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பேர் முன்னும் பின்னும் நின்று இருக்கைக்குத் தூக்கி மாற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் தெரியும், அதைச் சுற்றி நூறு பேர் பெட்டியோடு நிற்கும்போது செய்யவே முடியாது. முதலில் ஏற்றுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, சர்டிபிகேட்டுக்கு வருவோம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உங்கள் கணவர் நன்றாகவே நடப்பார், அதன் வேகம் குறைந்ததும் அதே மனிதரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. ஏறும்போது தடுமாறியவர் இறங்கும்போது விறுவிறுவென்று போனால், பார்ப்பவர்கள் அவரையும் நடிகர் என்றுதான் சொல்வார்கள். இதயநோய், மூட்டுவாதம், மூச்சுத்திணறல் எல்லாமே இப்படித்தான், வெளியே தெரியாது. மருத்துவம் படிக்காத ஒரு கேட் ஊழியர், நாற்பது நிமிடத்தில் விமானத்தை அனுப்பியாக வேண்டிய அவசரத்தில், ஒரு கடிதத்தைப் படித்து யார் நிஜம் என்று தீர்ப்புச் சொல்வதா? ஏமாற்ற நினைப்பவர் ஒரு கடிதத்தை எப்படியும் வாங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் தன் நோயை ஊர் முன்னால் நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் கணவர் தலையில்தான் விழும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்காவில் 1986-இல் வந்த விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ் உள்ள விதி, ஏறுவதற்கோ உட்காருவதற்கோ கூடுதல் நேரமும் உதவியும் வேண்டும் என்று கேட்டில் சொல்லும் மாற்றுத்திறனாளியை முதலில் ஏற்ற வேண்டும் என்கிறது. அவர் வாயால் சொன்னால் போதும். என்ன உதவி வேண்டும் என்று ஊழியர் கேட்கலாம், அதற்கு மேல் ஆதாரம் கேட்பதில்லை. அந்த ஊழியர் உங்களிடம் சொன்னதும் இதைத்தான்.

அதற்காக மோசடியே இல்லை என்று சொல்லவில்லை. ஃபிரான்டியர் விமான நிறுவனத்தின் தலைவராக இருந்த பேரி பிஃபில், ஒரு விமானத்தில் இருபது பேர் வீல்சேரில் வந்து ஏறி, இறங்கும்போது மூன்று பேர்தான் அதைப் பயன்படுத்தினார்கள் என்று 2024-இல் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பதினேழு பேரில் நிறைய நடிப்பு இருந்திருக்கும். ஆனால் எல்லாரும் நடிகர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வயதான அம்மா வீல்சேரில் வந்து ஏறினார், இறங்குமிடத்தில் கடைசி ஆளாகக் காத்திருந்தும் வீல்சேர் வரவில்லை, அடுத்த விமானத்துக்கு நேரமாகிறது என்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். பின்னால் வந்த இருவர் "பார், எப்படிக் குணமாயிடுச்சு" என்று சிரித்தார்கள். அந்த அம்மா நின்று நின்று போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

நடிப்பு ஏன் பெருகியது? முன்னால் ஏறினால் லாபம் இருக்கிறது, அதனால்தான். 2008-இல் அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் செக்-இன்னில் போடும் முதல் பெட்டிக்கே காசு வாங்க ஆரம்பித்தன, எல்லாரும் பெட்டியைக் கையிலேயே கொண்டுவரத் தொடங்கினார்கள், தலைக்கு மேல் இருக்கும் இடம் சீக்கிரம் நிரம்பியது, அப்புறம் முன்னால் ஏறுவதையே தனியாகக் காசுக்கு விற்றார்கள். சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் முன்பு இருக்கை எண்ணே கிடையாது, முதலில் ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரலாம், அதனால் இந்தப் புகார் அங்கேதான் அதிகமாக இருந்தது. 2026 ஜனவரி 27 முதல் அங்கேயும் இருக்கை எண் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் தீர்வு இந்தத் திசையில்தான் இருக்கிறது: இருக்கை எண் கொடு, முன்வரிசைகளுக்கு மேலே கொஞ்சம் இடத்தைத் தடிக்கும் வாக்கருக்கும் ஒதுக்கு, ஒருவரோடு துணைக்கு ஒருவரை மட்டும் விடு. லாபம் போனால் கூட்டமும் போய்விடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டிக்கெட் எடுத்த கையோடு, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால், நிறுவனத்துக்கு போன் செய்து உதவியைப் பதிவு செய்யுங்கள். வெறுமனே "வீல்சேர்" என்று சொல்லாதீர்கள், அதில் மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் விமான நிறுவனங்கள் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. படி ஏறுவார், உள்ளே நடப்பார், தூரம்தான் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏற முடியாதவருக்கு டபிள்யூ.சி.எச்.எஸ். இருக்கைவரை தூக்கிக்கொண்டு போக வேண்டியவருக்கு டபிள்யூ.சி.எச்.சி. இவருக்கு முதல் வகை போதும் என்று நினைக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் வழியோர இருக்கையும் கேளுங்கள்.

அன்றைக்குக் கூட்டம் எழுந்து நிற்பதற்கு முன்பே கேட் ஊழியரிடம் போய் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: "இவருக்குப் பார்க்கின்சன், குறுகலான இடத்தில் கால் நின்றுவிடும், பின்னால் யாரும் இல்லாமல் இரண்டு நிமிடம் வேண்டும்." இப்படிக் குறிப்பாகச் சொன்னவர்களை நான் அறிவிப்புக்கு முன்னாலேயே அனுப்பியிருக்கிறேன். முன்னால் பெரிய கூட்டம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு, கடைசியாக ஏறுகிறோம் என்று கேளுங்கள். பையை முன்பே செக்-இன்னில் போட்டுவிட்டால் மேலே இடம் தேட வேண்டாம், பின்னாலும் ஆள் இருக்காது. கைத்தடியைக் கைப்பை கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. அங்கே பயணம் செய்யும்போது யாராவது மறுத்தால் "புகார் தீர்வு அதிகாரி" வேண்டும் என்று கேளுங்கள், நேரிலோ போனிலோ ஒருவரை உடனே பேசவைப்பது நிறுவனத்தின் கடமை.

சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டையும் கேட்டு வாங்கலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-இல் லண்டன் கேட்விக்கில் தொடங்கியது, இப்போது பல நாடுகளின் விமான நிலையங்களில் ஊழியர்களுக்கு அது என்னவென்று தெரியும். முதலில் ஏற அது அனுமதிச் சீட்டு இல்லை, ஆனால் நோயைச் சத்தமாக விளக்க வேண்டிய நேரம் குறையும்.

வரிசையில் மற்றவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், யார் நிஜம் என்று உங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது, நன்றாக நடக்கும் அப்பா அம்மாவுக்கு மொழி தெரியாது, வழி தெரியாது என்று வீல்சேர் போட்டால், அங்கே தாராளமாகப் பேசுங்கள். அதற்கென்றே "மாஸ்" என்ற உதவி இருக்கிறது, ஒரு ஆள் கூடவே வந்து வழிகாட்டுவார், எல்லா நிறுவனத்திலும் இல்லாவிட்டாலும் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். வீல்சேர் தள்ளும் ஆட்கள் ஒரு வேளைக்கு இத்தனை பேர்தான் இருப்பார்கள், ஒருவர் அனாவசியமாக எடுத்தால் எங்கோ ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

கடைசியாக, வாசலில் மறுபடி கால் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கவிடுங்கள், மூச்சு வாங்கட்டும், உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள், அப்புறம் அவர் காலுக்கு முன்னால் உங்கள் பாதத்தை குறுக்கே வைத்து "இதைத் தாண்டுங்க" என்று சொல்லுங்கள். நிறைய பேருக்கு அந்த ஒரு அடி போதும், மீதி தானாக வரும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் ஏறும் நேரத்தோடு ஒத்துவருமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.