வலியைச் சொல்லாத அம்மையார்

கேள்வி: டெட்ராய்ட் நகரில் முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நான் கவனித்துக்கொள்ளும் கறுப்பின அம்மையாருக்கு வயது 74. பல ஆண்டுகளாக முழங்கால் மூட்டுத் தேய்மானம்; ரத்த அழுத்தமும் உண்டு. மருத்துவரிடம் வலியைக் குறைத்தே சொல்கிறார். உடற்பயிற்சித் தாளைத் தொடுவதில்லை. ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்கிறார். எப்படி உதவுவது?

பதில்: இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் குணமாக்கும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்தக் கொடுமை அம்பலமானபோது உங்கள் அம்மையார் இளம்பெண். பழங்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 2016-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ‘கறுப்பர்களின் தோல் தடிமனானது’ போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று பட்டுத் தெரிந்தவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

ஆகவே ‘பத்துக்கு எத்தனை வலி’ என்று கேட்பதை விடுங்கள். வலியால் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் நிற்க முடியவில்லை என்றால், ஒரு பாட்டு முடியும்வரை நிற்பதுதான் இலக்கு. அதற்குத் தொடைத் தசை வலுப்பட வேண்டும். கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காரட்டும். தொடக்கத்தில் ஐந்து முறை போதும். அவருக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கட்டும். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் முடங்குவதுதான் பலரைக் கெடுக்கிறது. வலி ஏறும் முன்பே உட்காரப் பழக்குங்கள். ஜெபத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது மனத்தைத் தாங்குகிறது. ஆராதனை முடிந்ததும் உடன் நடக்க ஒரு தோழி கிடைத்தால் மிக நல்லது. டெட்ராய்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், சமூக சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு முதியோருக்கு வலியைக் கையாளக் கற்றுத்தரும் திட்டத்தை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஏதும் இப்போது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

மருந்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மூட்டின் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஜெல் பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அப்போது, அம்மையார் சம்மதித்தால், அவரால் செய்ய முடியாமல் போனவற்றை எழுதி நீங்களே மருத்துவர் கையில் கொடுங்கள். மூட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.