வாசகர் கேள்வி – பதில்: பத்மநாபபுரம் கொட்டாரத்து மரவேலை

சென்ற இதழில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கொட்டாரத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். எங்கள் குமரி மாவட்டத்தில் அரண்மனையைக் கொட்டாரம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போனோம். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம். மூலிகைக் கட்டிலையும் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தையும் தவிர ஒன்றும் மனதில் நிற்கவில்லை. எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டோமா?
– வாசகி, விருதுநகர்

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள் அம்மா. அதுவும் நுழைந்த உடனேயே.

உள்ளே போனதும் வருவது பூமுகம். அங்கே எல்லோருடைய கண்ணும் கீழேதான் இருக்கும். பளபளவென்ற கருங்கல் கட்டில், சீனர்கள் தந்ததாகச் சொல்லும் நாற்காலி, ஓணப் பண்டிகைக்கான அலங்கார வில்லான ஓண வில் என்று வழிகாட்டி வரிசையாகக் காட்டிக்கொண்டே போவார். அங்கே நின்று நிமிர்ந்து பாருங்கள். மேல்தளம் முழுக்க மரத்தில் செதுக்கிய பூக்கள். மொத்தம் 90 பூக்கள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

என் அப்பா தக்கலைப் பக்கம் தச்சு வேலை செய்தவர். சிறுவயதில் என்னைக் கூட்டிப்போனால் பூமுகத்தைவிட்டு நகரவே மாட்டார். "இதழோட ஓரத்தைப் பாரு பிள்ளே. உளி எந்தப் பக்கமா வந்திருக்கு, சொல்லு" என்பார். எனக்கு அப்போது ஒன்றும் புரியாது. பிறகு அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மரத்துக்கு இழை உண்டு. இழையோடு போனால் உளி வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்துப் போனால் மரம் சிலும்பிப் பிய்ந்துவிடும். வட்டமான பூவில் எல்லாத் திசையிலும் இதழ்கள் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு இதழுக்கும், சில சமயம் ஒரே இதழின் இரண்டு ஓரங்களுக்கும், உளியை வேறு வேறு பக்கமிருந்து கொண்டுவர வேண்டும். கொட்டாப்புளியால் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டால் இதழின் முனை போய்விடும். ஒட்ட வைக்க முடியாது. இப்படி 90 பூக்கள். செய்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து தாய்க்கொட்டாரம். இருக்கிற கட்டடங்களிலேயே பழையது, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அங்கே ஏகாந்த மண்டபத்தில் ஒரு பலா மரத் தூண் நிற்கிறது. அதன்மேல் செதுக்கியிருக்கும் வேலையை ஒரு சுற்று சுற்றிவந்து பாருங்கள். மூலிகைக் கட்டிலை நான் குறை சொல்லவில்லை. 64 வகை மருந்து மரங்களால் ஆனது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று அங்கே சொல்வார்கள். ஆனால் கூட்டம் மொத்தமும் அதற்காகவே முட்டி மோதுகிறது. பலாத் தூணுக்குப் பக்கத்தில் ஆளே இருப்பதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

கடைசியில் தெற்குக் கொட்டாரம். கால் வலி எடுத்து, குழந்தைகள் பசி என்று சிணுங்கும்போது வருகிற இடம். பழைய வீட்டுச் சாமான்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ராஜாவின் கதையை மற்ற அறைகளில் கேட்டாயிற்று. ஊர்க்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரியவேண்டுமானால் இங்கேதான் நிற்க வேண்டும். அடுத்த முறை போனால் இங்கிருந்து தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டிய அரண்மனை என்று இணையத்தில் படித்தேன். நம்பலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

இரும்பே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். கதவு என்று இருந்தால் பூட்டும் கீலும் இருக்கத்தானே செய்யும். ஆனால் கூரையையும் உத்தரத்தையும் தாங்கி நிற்பது இணைப்பு வேலைதான். ஒரு சட்டத்தின் முனையை நாக்காக இழைத்து, இன்னொன்றில் அதற்கேற்ற துளை போட்டு, உள்ளே இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்துவிடுவார்கள். கழுக்கோல்களிலும், அதாவது கூரையின் சாய்வுச் சட்டங்களிலும், துளை போட்டு ஒரு சட்டத்தை ஊடாகக் கோத்துவிடுவார்கள், பூ கட்டுகிறவர் நாரில் கோப்பது போல. அப்புறம் ஒரு கழுக்கோல் தனியாக நகர முடியாது, பாரம் எல்லாவற்றுக்கும் பிரிந்துவிடும்.

இதற்குக் காரணம் எங்கள் ஊர் மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு ஆணி அதோடு சேர்ந்து அசையாது. துருப்பிடித்து, சுற்றியிருக்கும் மரத்தையும் கறுப்பாக்கி அரித்துவிடும். மர ஆணி என்றால் மரத்தோடு சேர்ந்து தானும் உப்பும், தானும் சுருங்கும். பழுது வந்தால் அந்த ஒரு சட்டத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். இதெல்லாம் ஒவ்வொரு ஆசாரிக்கும் கைவந்த விஷயம்.

எல்லாமே தேக்கு மரமா?
– வாசகர், சிவகாசி

இல்லை. தேக்கும் உண்டு, ஈட்டியும் உண்டு, பலா உண்டு, அயனி உண்டு. அயனி என்றால் ஆஞ்சிலி. நேராக உயரமாக வளரும், தண்ணீரைத் தாங்கும், படகு கட்டவும் அதைத்தான் எடுப்பார்கள். பலாவின் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி, முதலில் மஞ்சளாக இருக்கும், வருஷம் ஆக ஆகச் சிவந்து பழுப்பாகிவிடும். கறையானும் லேசில் நெருங்காது.

திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம் எல்லாம் அரசு மரங்கள். உங்கள் தோட்டத்திலேயே நின்றாலும் நீங்கள் வெட்ட முடியாது. அதனால் ஊர் வீடுகளில் தூணுக்கும் கதவுக்கும் பலாவும் அயனியும்தான் கைகொடுத்தன. ஆனால் தேக்கை இழைத்த அதே கைகள்தான் பலாவையும் இழைத்தன. ஆகவே, கொட்டாரத்தைப் பார்த்த கண்ணோடு தக்கலை, கல்குளம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளையும் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு பராமரிப்பது ஏன்?
– வாசகர், சென்னை

1790கள் வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். பிறகு திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோது கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றது. இதில் சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் இன்றும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீஸும் கூடவே நடக்கிறது. மரம் நனையாமல், கறையான் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிறோம். நெல் கொட்டி வைக்கும் பெரிய பத்தாயம், செதுக்கு வேலை உள்ள முன்கதவு, மரவைகள் என்ற மரப் பாத்திரங்கள், மோர் கடையும் கடைகோல் எல்லாம் இருக்கின்றன. பழைய சாமான் வியாபாரி மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும் அக்கா?
– வாசகி, நாகர்கோவில்

கொடுக்காதே தங்கச்சி. குறைந்தது, இந்த மாதம் கொடுக்காதே.

முதலில் வீடு நிற்கும்போதே எல்லாவற்றையும் இருக்கும் இடத்திலேயே படம் எடு. கதவைத் தனியாக எடுத்தால் அது வெறும் பலகை. எந்த வாசல் நிலையில் நின்றது, எந்தப் பக்கம் திறந்தது, திண்ணையிலிருந்து எத்தனை படி என்பதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும். அம்மாவோ சித்தியோ உயிரோடு இருந்தால் ஒவ்வொரு சாமானையும் எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதிவை. பத்தாயத்தில் எந்த நெல்லைக் கொட்டினார்கள், எந்த மரவையில் உப்பு வைத்தார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கழற்றும் வேலை. ஜேசிபி வருவதற்கு முன்னால் பழைய வேலை தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிடு. பத்தாயத்தைக் கடப்பாரை போட்டு நெம்பினால் நாக்கெல்லாம் முறிந்துவிடும். மர ஆணியைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்தால் பலகை பலகையாகக் கழன்று வரும். ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் எண் போட்டுவை. திரும்பப் பூட்டும்போது அந்த எண்தான் வழி காட்டும். கழற்றியதை மண்ணில் நேராகச் சாய்க்காதே, செங்கல் வைத்து அதன்மேல் அடுக்கு. பளபளப்புக்கு ஆசைப்பட்டு வார்னிஷ் அடிக்காதே. மெல்லிய துணியால் துடைத்தாலே அந்தப் பழைய நிறம் தானாக வெளியே வரும்.

முன்கதவைப் புது வீட்டிலேயே வைக்கச் சொல்லித் தம்பியிடம் பேசு. கான்கிரீட் வீட்டுக்குப் பொருந்தாது என்பான். பொருந்தும். நிலையோடு சேர்த்து எடுத்து, அந்த அளவுக்கு வாசல் விடச்சொன்னால் கொத்தனார் விட்டுவிடுவார். பத்தாயத்துக்கு இடமே இல்லையென்றால் வியாபாரியிடம் போவதற்கு முன்னால் கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்திலும் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார். வியாபாரியிடம் போனால் பத்தாயத்தைப் பிரித்து டீப்பாய் செய்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

இந்த மரவேலையெல்லாம் இன்று யாராவது செய்கிறார்களா?
– வாசகர், திருச்சி

உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் ஒரே மரத்துண்டில் முழுச் சிலையையும் செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் அது உண்டு. போனால் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள், விலை கேட்டு வாங்குங்கள், பேரம் மட்டும் பேசாதீர்கள்.

கொட்டாரத்துக்கு எந்த நாள் போகலாம்? வயதான அம்மாவைக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, மதுரை

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலையில் திறந்த உடனே போய்விடுங்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளை உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும். மரப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், வாசல் நிலைகளும் தாழ்வு. அம்மாவுக்கு முட்டி வலி என்றால் மாடிக்கு ஏற்ற வேண்டாம். பூமுகத்திலும் தாய்க்கொட்டாரத்து முற்றத்திலும் வேண்டிய நேரம் நிற்கட்டும், அவ்வளவு போதும்.