கலைச் சிகிச்சை: நீங்கள் கேட்டவை

கேள்வி: மேடம், எனக்கு நேர்கோடுகூட ஒழுங்காக வராது. கலைச் சிகிச்சைக் குழுவில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். சிகிச்சையாளர் துணையோடு வரைந்து, மனதில் இருப்பதை வெளிக்கொண்டுவரும் சிகிச்சை இது, ஓவிய வகுப்பு அல்ல. நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் முதல் சில வாரங்கள் திணறுவார்கள். அழகாக வர வேண்டுமே என்ற கவலை அவர்களை லேசில் விடாது.

கேள்வி: கறுப்பை அள்ளிப் பூசினால் மனச்சோர்வு என்கிறார்களே, உண்மையா?

இல்லை. கைக்கு எட்டிய கிரேயான் அதுவாக இருந்திருக்கலாம். வண்ணத்தைப் பார்த்து நோயைச் சொல்பவரை நம்பாதீர்கள். வரைந்தவர் வாயால் அது என்னவென்று வரும்வரை பொறுத்திருப்பதுதான் எங்கள் பயிற்சியிலேயே கடினமான பாடம்.

கேள்வி: என் தம்பி வாயே திறக்க மாட்டான் அக்கா. அவனைப் போய் ஏழெட்டுப் பேர் நடுவில் உட்கார வைக்கலாமா?

பேசாதவர்களுக்கே இந்த வழியை அதிகம் சொல்கிறேன். பேச்சு மட்டுமே உள்ள குழுவில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இங்கே எல்லோர் கையும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும். மௌனம் யாரையும் உறுத்தாது. பிறகு படங்களை நடுவில் பரப்பிப் பார்ப்போம். அப்போது எல்லோர் கண்ணும் படத்தின்மேல்தான் இருக்கும், ஆளின்மேல் இருக்காது. "இந்தக் கதவு ஏன் பாதி திறந்திருக்கு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். இவர் கதவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். தன்னைப் பற்றி என்று கேட்டிருந்தால் பேசியிருக்கவே மாட்டார். ஒரே பெரிய தாளில் சேர்ந்து வரையும்போது இன்னொன்றும் தெரியவரும்: யார் மூலையில் ஒதுங்குகிறார், யார் அடுத்தவர் கோட்டின்மேல் கோடு இழுக்கிறார் என்று. வீட்டில் நடப்பதே சில சமயம் அந்தத் தாளிலும் நடக்கும். அங்கேயே அதைப் பேசிவிடலாம். பொருளையும் பார்த்துத்தான் கொடுப்பேன். பென்சில் கைக்கு அடங்கும், நீர்வண்ணம் ஓடும். பயந்து நடுங்குபவரிடம் முதல் நாளே ஓடும் வண்ணத்தை நீட்ட மாட்டேன். தம்பி கடும் கலக்கத்தில் இருந்தால் மட்டும் குழு வேண்டாம். முதலில் தனியாகத் தொடங்கட்டும்.

கேள்வி: ஆய்வு ஆதாரம் உண்டா?

கலவையாக உண்டு. 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த 'மாட்டிஸ்' என்ற ஆய்வில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள 417 பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு வாராந்தரக் கலைச் சிகிச்சைக் குழு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மேலாகத் தேறவில்லை. வருகையும் மிகக் குறைவு. படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதை மறைக்கக் கூடாது. விருப்பமில்லாதவரைப் பிடித்து அனுப்பிப் பயனில்லை என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. மருந்தை நிறுத்திவிட்டும் வராதீர்கள்.

கேள்வி: நான் ஓவிய ஆசிரியர். சின்ன கோர்ஸ் ஒன்று முடித்துத் தெரபிஸ்ட் ஆகலாமா?

முடியாது. ஓவியர்கள் தொடங்கிய தொழில்தான் இது. 1942இல் இந்தப் பெயரை வைத்த ஏட்ரியன் ஹில், காசநோய் சானடோரியத்தில் வரைந்து வரைந்து தேறிய ஓவியர். ஆனால் இன்று பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அமெரிக்காவிலும் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் வேண்டும். ஒருவர் அழுதுகொண்டே தன் படத்தைக் கிழிக்கும்போது பக்கத்தில் எப்படி இருப்பது என்பதை அங்கேதான் கற்பீர்கள்.

கேள்வி: படங்கள் யாருக்குச் சொந்தம்?

வரைந்தவருக்கு. சிகிச்சை முடியும்வரை பூட்டிய அலமாரியில் இருக்கும். அவர் சம்மதிக்காமல் வீட்டாருக்குக்கூடக் காட்ட மாட்டேன்.